ஒரு மழைக்கோட்டும் ஒரு மிதிவண்டியும்

1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து 29 வயது இளைஞர் ஒருவர் உயரமான மிதிவண்டி ஒன்றுடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். கைப்பிடியில் ஒரு சிறு பை கட்டப்பட்டிருந்தது. அதற்குள் காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. மழைக்கோட்டுதான் இரவில் கூடாரம், படுக்கையும் அதுவே. இந்தச் சொற்பமான மூட்டையுடன் அமெரிக்கக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கடந்துவிடலாம் என்று அவர் நம்பினார். கடந்தும் காட்டினார். அதன்பின் உலகையும் சுற்றி வந்தார். அவர் பெயர் தாமஸ் ஸ்டீவன்ஸ்.

சில வாரங்களுக்கு முன் என் பேரன் தன் நண்பர்களுடன் மலைப்பாதைகளில் ஐந்து நாள் மிதிவண்டிப் பயணம் போகத் திட்டமிட்டு, எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலை என்னிடம் காட்டினான். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, உபரி டியூப், சங்கிலி எண்ணெய் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிராம் கணக்கில் எடை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், பற்றாக்குறை வளத்தைப் பங்கிடும் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் என்று அவன் சொன்னான். அப்போதுதான் ஸ்டீவன்ஸின் நினைவு வந்தது. அவரிடம் அந்தப் பட்டியலில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. இல்லாதவற்றை அவருக்காக யார் சுமந்தார்கள் என்ற கேள்வி, அவர் எழுதிய இரண்டு பெருந்தொகுதிகளைப் படித்த நாள் முதல் என்னுடன் இருந்து வருகிறது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துப் பெர்க்ஹாம்ஸ்டெட் ஊரில் 1854 டிசம்பர் 24 அன்று பிறந்தவர் ஸ்டீவன்ஸ். 1871-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மிசூரியில் சில காலம். பின்னர் வயோமிங்கில் ரயில்வே சார்ந்த ஆலை ஒன்றில் வேலை. அதன்பின் கொலராடோவில் சுரங்க வேலை. கல்லூரிப் படிப்போ சொத்தோ இல்லாத, அந்தக் காலத்து மேற்கு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் அலைந்துகொண்டிருந்த உழைப்பாளிகளில் ஒருவர். சான்பிரான்சிஸ்கோ வந்த பிறகுதான் மிதிவண்டி ஓட்டவே கற்றுக்கொண்டார் என்பது வியப்பளிக்கும் செய்தி. ஓட்டக் கற்ற அதே ஆண்டில் கண்டம் கடக்கக் கிளம்பிவிட்டார்.

அவர் ஓட்டிய வண்டியைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்ததன் கடுமை விளங்காது. இன்று நாம் ஓட்டும் வண்டியின் வடிவம் அப்போது பரவலாகவில்லை. ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் வண்டியை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது 1885-இல். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-இல். ஸ்டீவன்ஸ் வாங்கியது போப் நிறுவனத்தின் கொலம்பியா வண்டி. முன்சக்கரத்தின் விட்டம் 50 அங்குலம். பின்னால் ஒரு சிறு சக்கரம். மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சங்கிலி கிடையாது, கியர் கிடையாது, டயர் திண்ணென்ற ரப்பர். கால் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ நான்கு மீட்டர் நகரும். சமதரையில் இது வரம்; ஏற்றத்தில் சாபம். ஏற்றத்துக்கு ஏற்ப மிதியை இலகுவாக்கிக்கொள்ள எந்த வழியும் இல்லை. இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுபவர் ஏறத்தாழ முன்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே, நான்கடிக்கும் கூடுதலான உயரத்தில் அமர்ந்திருப்பார். சிறு கல் ஒன்று சக்கரத்தைத் தடுத்தால் போதும், வண்டியோடு தலைகீழாகப் பாய்ந்து முன்னால் விழ வேண்டியதுதான். ஸ்டீவன்ஸ் எத்தனையோ முறை அப்படி விழுந்திருக்கிறார். அந்த வண்டியில் நகரச் சாலையில் போவதற்கே துணிச்சல் வேண்டும். அவர் போனதோ சாலையே இல்லாத இடங்களில்.

அமெரிக்காவில் அப்போது சாலை இல்லையா என்று கேட்கலாம். 1869-இல் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிந்துவிட்டது. அதற்கு முன் குடியேறிகளின் மாட்டு வண்டிகள் போன தடங்கள், ரயில் வந்தபின் பராமரிப்பாரின்றிப் பாழாகிக் கிடந்தன. ரயிலில் போகும் வசதியுள்ளவர்க்குச் சாலை தேவையில்லை. சாலை தேவைப்பட்ட ஏழை விவசாயிக்கு அதை அமைக்கும் செல்வாக்கு இல்லை. விளைவு, உலகின் மிக நீண்ட ரயில் பாதைகளில் ஒன்று ஓடிய நிலப்பரப்பில் ஊருக்கு ஊர் போக ஒழுங்கான வழி இல்லை. ஸ்டீவன்ஸ் பல இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே, மரக்கட்டைகளின்மேல் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். வழிநெடுகிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நடைதான்.

சியரா நெவாடா மலைத்தொடரில் ரயில் பாதையின்மேல் பனி விழாமலிருக்க மரத்தாலான நீண்ட கொட்டகைகளைக் கட்டியிருந்தார்கள். வெளியே பல அடி ஆழப் பனி. ஆகவே அந்த இருட்டுக் கொட்டகைகளுக்குள்ளேயே புகை மண்டலத்தில் மைல் கணக்காக அவர் நடந்தார். ரயில் வரும் ஓசை கேட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் குறுகலான ரயில் பாலத்தின் நடுவே இருந்தபோது எதிரே ரயில் வந்துவிட்டது. ஓடித் தப்ப நேரமில்லை. பாலத்தின் ஓரத்துக் கட்டையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையில் வண்டியைப் பிடித்தபடி, ரயில் தலைக்குமேல் கடந்து போகும் வரை அந்தரத்தில் தொங்கினார். உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலும் வண்டியைக் கைவிடவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. அவரிடமிருந்த ஒரே மூலதனம் அதுதான்.

நெவாடாவின் உப்புப் பாலைவனம், யூட்டா, வயோமிங் மேட்டுநிலம், நெப்ராஸ்கா சமவெளி என்று போன அந்த வழியில், திறந்த வெளியில் மழைக்கோட்டுக்குள் சுருண்டு கிடந்த இரவுகள் உண்டு. ஆனால் ஆளரவமற்ற மேற்குப் பகுதியில் பல இரவுகளில் அவருக்கு உணவும் உறைவிடமும் தந்தவை, ரயில் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர்கள் தங்கியிருந்த வழியோரக் குடில்கள். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சியரா மலையைக் குடைந்து அந்தப் பாதையை அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்து பதிமூன்று ஆண்டுகளில், 1882-இல், சீனத் தொழிலாளர்கள் இனி அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

1884 ஆகஸ்ட் 4 அன்று ஸ்டீவன்ஸ் பாஸ்டன் நகரை அடைந்தார். சுமார் 3,700 மைல். புறப்பட்டதிலிருந்து நூறு நாள்களுக்குச் சற்று அதிகம். அவற்றில் இருபது நாள்கள் மழையால் முடங்கியவை. மிதிவண்டியில் அமெரிக்கக் கண்டத்தை முழுமையாகக் கடந்த முதல் மனிதர் அவரே.

பாஸ்டனில்தான் கதையில் கர்னல் ஆல்பர்ட் போப் நுழைகிறார். அமெரிக்காவில் மிதிவண்டித் தொழிலை நிறுவியவர் என்று அவரைச் சொல்லலாம். வண்டி விற்பதற்கு முன் வண்டி ஓட்டும் ஆசையை விற்க வேண்டும் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்திருந்த வணிகர். அதற்காகவே பத்திரிகை நடத்தினார். 1880-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மிதிவண்டி ஓட்டுநர் கழகத்துக்கு ஆதரவளித்தார். அவருடைய ஆதரவில் வளர்ந்த அவுட்டிங் என்ற மாத இதழ், ஸ்டீவன்ஸைத் தன் சிறப்புச் செய்தியாளராக நியமித்து உலகம் சுற்ற அனுப்பியது. அவருக்கு நிக்கல் பூசிய புதிய கொலம்பியா வண்டியும் கிடைத்தது. முதல் பயணம் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சொந்த சேமிப்பிலும் பிடிவாதத்திலும் நடந்தது. இரண்டாவது பயணம் விளம்பரச் செலவு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காசில்லாதவன் உலகம் சுற்ற வேண்டுமானால் யாரோ ஒருவருக்கு அதில் ஆதாயம் இருக்கத்தான் வேண்டும்.

போப் இன்னொன்றையும் உணர்ந்திருந்தார். மிதிவண்டி தனியார் விற்கும் பொருள். ஆனால் அது ஓடச் சாலை வேண்டும். சாலையோ எந்தத் தனியாரும் விற்க முடியாத பொதுப்பண்டம். வகுப்பறையில் மாணவர்களுக்குப் பொதுப்பண்டம் என்ற கருத்தை விளக்கப் பல ஆண்டுகள் கலங்கரை விளக்கத்தையே உதாரணமாகச் சொல்லி வந்தேன். இந்த உதாரணம் அப்போது தெரிந்திருந்தால் அதை விட்டிருப்பேன். வண்டி விற்றவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து நல்ல சாலை கேட்டு இயக்கம் நடத்தினார்கள். 1893-இல் அமெரிக்க நடுவண் அரசு வேளாண் துறையின்கீழ்ச் சாலைகளை ஆராய ஓர் அலுவலகத்தைத் திறந்தது. அமெரிக்கச் சாலைகளுக்காக முதலில் குரல் கொடுத்தவை மோட்டார் கார்கள் அல்ல, மிதிவண்டிகள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

1885 ஏப்ரலில் கப்பலேறி லிவர்பூல் வந்து சேர்ந்த ஸ்டீவன்ஸ், மே 4 அன்று அந்நகரின் எட்ஜ்ஹில் தேவாலயத்திலிருந்து புறப்பட்டார். உள்ளூர் ஓட்டுநர்கள் இருபத்தைந்து பேர் சற்றுத் தூரம் வழியனுப்ப வந்தார்கள். பிறந்த ஊரான பெர்க்ஹாம்ஸ்டெட்டைத் தொட்டு, லண்டன் வழியே, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போனார். பிரெஞ்சு அரசின் நெடுஞ்சாலைகளில் வண்டி தங்குதடையின்றி ஓடியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி. பின் செர்பியா, பல்கேரியா. ஹங்கேரியில் ஸ்வெட்டோசர் இகாலி என்பவர் தம் வண்டியுடன் வந்து சேர்ந்துகொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பேச்சின்றி இருவரும் நாள்கணக்கில் சேர்ந்து ஓட்டினார்கள். நெடுந்தூரம் மிதிவண்டியில் போனவர்களுக்கு இதில் விந்தை ஏதும் தோன்றாது.

கான்ஸ்டான்டினோப்பிள் வரைதான் ஐரோப்பா. அதற்கப்பால் ஒரு கம்பி முறிந்தாலும் கிடைக்காது. ஆகவே ஆரக்கம்பிகள், டயர் முதலிய உதிரிகளை அங்கேயே திரட்டிக்கொண்டார். உள்நாட்டில் கொள்ளையர் நடமாட்டம் உண்டென்று கேட்டு, கைத்துப்பாக்கியை மாற்றி நம்பகமான ஒன்றை வாங்கினார். முன்தயாரிப்பு என்று அவர் செய்தது இவ்வளவே. வரைபடங்கள் துல்லியமற்றவை. மொழி தெரியாது. உணவு எதையும் கட்டிக்கொள்ளவில்லை.

1885 ஆகஸ்டில் சின்ன ஆசியாவுக்குள் நுழைந்தார். அங்காரா, சிவாஸ், எர்சுரும் என்ற அந்தப் பாதை ஒட்டகங்களுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் உரியது. ஊர் எல்லையில் அவர் தென்பட்டதும் ஊரே திரண்டுவிடும். கால் கடுக்க வந்திருப்பார். இறங்கி நிற்கவும் விட மாட்டார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லி வற்புறுத்துவார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களை அழைத்து வருவார்கள். மறுபடியும் ஓட்ட வேண்டும். அவர் எரிச்சலடைந்திருக்கிறார், சில இடங்களில் மிரட்டியிருக்கிறார். ஆனால் காட்சி முடிந்ததும் அந்த ஊரே அவருக்கு ரொட்டியும் தயிரும் கொடுத்தது. விருந்தினர்க்கான பொது அறையில் பாய் விரித்தது. மாவட்ட அதிகாரிகள் குதிரைக் காவலரைத் துணைக்கு அனுப்பினார்கள். சிவாஸ் போன்ற நகரங்களில் அமெரிக்க மதப் பணியாளர்களின் வீடுகள், வேறு சில நகரங்களில் தூதர்களின் இல்லங்கள், பாரசீகத்தில் தந்தி நிலைய ஊழியர்களின் குடியிருப்புகள் அவருக்குத் திறந்தன.

என் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவருடைய பை இலேசாக இருந்ததற்குக் காரணம் சிக்கனமன்று. எடையை வழியிலிருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரொட்டி சுட்ட பெண்களின் உழைப்பு, காவலரின் குதிரை, தூதரகத்தின் செல்வாக்கு, தந்திக் கம்பி: இவையெல்லாம் அவர் பட்டியலில் எழுதாத பொருள்கள். பொருளியலார் ஒருவர் பெறும் பயனுக்கு வேறொருவர் செலவு ஏற்பதைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பார்கள். பல இடங்களில் காசு வாங்க மறுத்த கிராமத்தார் செலுத்திய அந்தத் தொகை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவுட்டிங் இதழின் கணக்கில் நிச்சயமாக இல்லை.

வருத்தம் தருவது வேறொன்று. அவர் எழுத்தில் அந்த மக்களைப் பற்றிய ஏளனம் அடிக்கடி தலைகாட்டுகிறது. அவர்கள் அறியாமையைக் கேலி செய்கிறார். சுத்தமின்மையைக் கேலி செய்கிறார். ஆங்கிலம் பேசுவோர் உலகை ஆளப் பிறந்தவர்கள் என்ற அக்காலத்து நம்பிக்கை அவரிடம் ஐயத்துக்கிடமின்றி இருந்தது. காலத்தின் குற்றம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் உண்ட வீட்டைப் பழிக்கக் கூடாது என்பது எக்காலத்துக்கும் உரியது. அதே பக்கங்களில் விருந்தோம்பலை நன்றியோடு பதிவு செய்யும் நேர்மையும் அவரிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

என் பேரனின் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவனிடமே சொன்னேன். அவர்கள் ஐந்து நாள் உணவையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். வழியிலுள்ள எந்தக் கிராமத்தின் கதவையும் தட்டத் தேவையில்லை. நல்லதுதான், காப்புக்காட்டில் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றம் என்பதையும் அறிந்து, வனத்துறை அலுவலகத்துக்கு முன்னதாகவே போய் வந்திருக்கிறார்கள். ஆனால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டாத பயணத்தில் யாரைச் சந்திக்கப் போகிறாய் என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் இரவுக்கான அரிசியை மட்டும் பட்டியலிலிருந்து அடித்தான். மழைக்கோட்டை அடிக்கவில்லை.

ஸ்டீவன்ஸ் 1885-86 குளிர்காலத்தைத் தெஹ்ரானில் கழித்தார். பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷா முன்னிலையில் வண்டி ஓட்டிக் காட்டினார். சைபீரியா வழியாகப் போக அவர் விரும்பினார். ரஷ்ய அனுமதி கிடைக்கவில்லை. 1886 மார்ச் 10 அன்று தெஹ்ரானை விட்டுப் புறப்பட்டு, மஷாத் வரை போய், அங்கிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவை அடைவது என்று துணிந்தார். அரசியல் அறிந்த எவரும் அந்த ஆண்டில் அப்படித் துணிய மாட்டார்கள். முந்தைய ஆண்டுதான் பஞ்ஜ்தே என்ற எல்லைப்புற இடத்தில் ரஷ்யப் படைகளும் ஆப்கானியரும் மோதி, பிரிட்டனும் ரஷ்யாவும் போரின் விளிம்புவரை போயிருந்தன. எல்லைக் கோடு வரைய இரு நாட்டு ஆணையங்கள் அப்பகுதியில் முகாமிட்டிருந்தன. பாலைவனத்தைக் கடந்து ஃபரா நகரை நெருங்கிய ஸ்டீவன்ஸை ஆப்கன் அதிகாரிகள் தடுத்து, மரியாதையாக ஆனால் உறுதியாக, காவலுடன் ஹெராத் கொண்டு போய், பாரசீக எல்லையில் விட்டுவிட்டார்கள். பாதையில் பசி, தாகம், ஓநாய் எதற்கும் தயாராக இருந்தவர் ஒரு முத்திரையிட்ட தாளுக்குத் தயாராக இல்லை.

பின்வாங்கினார். காஸ்பியன் கடலைக் கடந்து பாக்கு, ரயிலில் பாட்டூம், கப்பலில் மீண்டும் கான்ஸ்டான்டினோப்பிள், அங்கிருந்து எகிப்து வழியாகக் கடல்மார்க்கமாகக் கராச்சி. நூற்றுக்கணக்கான மைல் முன்னேறியதை விட்டுக்கொடுத்து, ஆயிரக்கணக்கான மைல் சுற்றிக்கொண்டு வந்தார்.

லாகூரிலிருந்து கல்கத்தா வரை அவர் ஓட்டியது கிராண்ட் டிரங்க் சாலையில். 1886-இன் கோடைக் கடைசியும் மழைக்காலமும் சேர்ந்த புழுக்கம். பகல் வெயிலில் ஓட்ட முடியாமல் அதிகாலையிலும் மாலையிலும் ஓட்டினார். ஆனால் சாலையைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கு எதுவும் இல்லை. சுண்ணாம்புக் கற்களை இடித்துக் கெட்டித்துப் போட்ட அந்தத் தளம், இருபுறமும் நிழல் மரங்கள், குறித்த தொலைவுகளில் பயணியர் விடுதிகள் என, உலகம் முழுவதும் அவர் ஓட்டிய மிகச் சிறந்த சாலைகளில் ஒன்றாக அது அமைந்தது. அமெரிக்காவில் சாலையின்றித் தண்டவாளத்தில் நடந்தவர், அடிமை நாட்டில் தேர் ஓட்டுவதுபோல் ஓட்டிப் போனார். இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் எளியது. பதினாறாம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூர் செம்மைப்படுத்திய பழைய வழி அது. கிழக்கிந்தியக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்தது படைகளையும் பீரங்கிகளையும் விரைந்து நகர்த்துவதற்காக. செலவு, உழவர்கள் கட்டிய நிலவரி. வாக்காளரைக் கேட்டுச் சாலை போட வேண்டிய குடியரசில் சாலை இல்லை; யாரையும் கேட்க வேண்டாத ஆட்சியில் இருந்தது. இதைக் கொண்டு எதேச்சாதிகாரமே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தச் சாலையின் ஓரத்து வயல்களில் அடிக்கடி பஞ்சம் தலைவிரித்தாடியதும் அதே ஆட்சியில்தான்.

கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஹாங்காங், அங்கிருந்து கான்டன். தென்சீனத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் வரப்புகளும் கல் பாவிய ஒற்றையடிப் பாதைகளுமே வழி. ஓட்டியதைவிடத் தள்ளியதும் படகில் ஏற்றியதுமே அதிகம். வடக்கே யாங்சி நதிக்கரைத் துறைமுகமான கியூகியாங் அவர் இலக்கு. இடையில் ஒரு நகரில் பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டு கல்லெறிந்தது. உயிர் தப்பியது உள்ளூர் அதிகாரியின் அலுவலகத்துக்குள் அவர் புகுந்ததால்தான். அதிகாரிகள் இரவில் அவரைப் படகேற்றிக் காவலுடன் அனுப்பி வைத்தார்கள். பிரான்ஸுடன் நடந்த போரின் காயம் அந்த மக்களிடம் ஆறியிருக்கவில்லை. வெள்ளைக்காரர் என்றாலே கோபம்.

ஸ்டீவன்ஸ் இதைச் சீனரின் முரட்டுத்தனம் என்று எழுதினார். மேலே நான் குறித்துவைத்த செய்தி இங்கே நினைவுக்கு வர வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு முன், 1885 செப்டம்பர் 2 அன்று, அவர் 1884-இல் கடந்துபோன அதே வயோமிங் பகுதியில், ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் ஒன்று சீனர் குடியிருப்பைத் தீயிட்டுக் கொளுத்தி, 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்றது. அங்கே அவர்கள் ஓடி ஒளிய அதிகாரியின் அலுவலகம் எதுவும் திறக்கவில்லை. கல்லெறிந்த கூட்டம் இதை அறிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டீவன்ஸ் அறிந்திருக்க முடியும் என்பதுதான் என் எண்ணம்.

கடைசிக் கட்டமாக ஜப்பான். நாகசாகியிலிருந்து யோகோஹாமா வரையான அந்தப் பகுதியைப் பற்றி அவர் எழுதியவற்றில் நிம்மதி தெரிகிறது. நல்ல சாலை, சுத்தமான விடுதி, மரியாதையான மக்கள். 1886 டிசம்பர் 17 அன்று யோகோஹாமாவில் வண்டியை விட்டு இறங்கினார். கடல்வழியும் ரயில்வழியும் போக, சக்கரத்தில் வந்த தூரம் மட்டும் சுமார் 13,500 மைல் என்பது அவருடைய கணக்கு. ஐம்பது அங்குலச் சக்கரம் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 54 லட்சம் முறை சுழன்றிருக்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு இப்படியெல்லாம் கணக்குப் போடத் தோன்றுகிறது.

1887 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ திரும்பினார். இதழுக்கு எழுதிய கட்டுரைகள் விரிவடைந்து, மிதிவண்டியில் உலகைச் சுற்றிய அனுபவங்களாக இரண்டு தொகுதிகளாக 1887, 1888-இல் வெளிவந்தன. மிதிவண்டி மோகம் கொண்ட ஒரு தலைமுறையே அவற்றைப் படித்தது. அவரைப் பார்த்துப் புறப்பட்டவர்களில் எல்லாருக்கும் அவருடைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர் ஃபிராங்க் லென்ஸ், அதே அவுட்டிங் இதழின் செய்தியாளராக 1892-இல் கிளம்பினார். காற்றடைத்த டயர், சமச்சக்கர வண்டி, புகைப்படக் கருவி என ஸ்டீவன்ஸைவிட நூறு மடங்கு ஆயத்தம். எதிர்த்திசையில், ஜப்பான், சீனா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்து வந்தவர், 1894 மே மாதத்தில் கிழக்குத் துருக்கியில், எர்சுருமை எட்டும் முன் காணாமல் போனார். தேடிச் சென்ற சாக்ட்லெபென் என்ற மற்றொரு மிதிவண்டிப் பயணி, அவர் கொலையுண்டார் என்ற முடிவோடு திரும்பினார். உடல் கிடைக்கவில்லை. ஸ்டீவன்ஸ் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ரொட்டியும் தயிரும் உண்டு கடந்த அதே நிலப்பகுதி அது. இடையில் ஆர்மீனியர் பிரச்சினையால் அந்த நாடே கொதிநிலைக்கு வந்திருந்தது. வண்டி மேம்பட்டிருந்தது, வழி மோசமாகியிருந்தது.

ஸ்டீவன்ஸின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1889-இல் நியூயார்க் நாளேடு ஒன்றுக்காக, ஆப்பிரிக்க உள்நாட்டில் இருந்த ஸ்டான்லியைத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார். அடுத்து ரஷ்யாவைக் குதிரையில் கடந்து ஒரு நூல் எழுதினார். அதன்பின் இங்கிலாந்து திரும்பி, லண்டன் கேரிக் நாடக அரங்கில் வணிக மேலாளராக இருந்தார். உலகைச் சுற்றியவர் டிக்கெட் வரவு செலவு பார்த்துக்கொண்டு ஒரே நகரில் பல்லாண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். மீண்டும் நெடும்பயணம் எதுவும் போகவில்லை. 1935 ஜனவரி 24 அன்று, தம் எண்பதாவது வயதில் லண்டனில் காலமானார். கிழக்கு ஃபின்ச்லி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய வண்டியைப் போப் நிறுவனம் நெடுங்காலம் பத்திரமாக வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போர்த் தளவாடங்களுக்காகப் பழைய இரும்பு திரட்டினார்கள். அப்போது அதையும் கொடுத்துவிட்டார்கள்.